‘ரைட்’ என்னும் ஒரு சொல்

ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்னும் நியதி எந்த மொழியிலும் இல்லை. தமிழில் ‘மாலை’ என்றால் அந்திப்பொழுதும் ஆகும். கழுத்தில் அணியும் பூந்தொடையும் ஆகும். இடம் நோக்கிப் பொருள் கொள்கின்றோம். இடர்ப்பாடு ஏதும் நேர்வதில்லை. ஆயினும் சில சொற்கள் உள. அவற்றின் பல பொருள்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நிற்கும். ஒரு பொருளில் நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றொரு பொருள் பின்னாலிருந்து நம்மைக் கேள்வி கேட்கும். ஆங்கிலத்தில் ‘ரைட்’ என்னும் சொல் அத்தகையது. அதனைக் குறித்து அன்பர்களோடு சிறிது சிந்திக்க விரும்புகின்றேன். இஃது இலக்கண ஆராய்ச்சியன்று. பள்ளிப்படிப்பை இடையில் விட்டுப் பஞ்சாலைக்குச் சென்று, இரவு நேரங்களில் அகராதியைப் புரட்டிக் கற்ற ஒருவனுக்கு அவ்வாராய்ச்சி செய்யும் தகுதியும் இல்லை. இஃது ஓர் அறக்கேள்வி.

ஆங்கிலம் அறியாதவரும் இச்சொல்லை அறிவர். பேருந்தில் கண்டக்டர் ‘ரைட், ரைட்’ என்று குரல் கொடுத்தால் வண்டி புறப்படுகின்றது. ‘தடையில்லை, போகலாம்’ என்பது அங்கே பொருள். ஆசிரியர் கணக்குக்கு ‘ரைட்’ போட்டால் பிழையில்லை என்பது பொருள். வழி கேட்பவனிடம் ‘ரைட்டில் திரும்பு’ என்றால் வலப்பக்கம் என்பது பொருள். வடிவக்கணிதத்தில் 90 பாகையுள்ள செங்கோணத்துக்கும் இச்சொல்லே அடைமொழி. துணிக்கிடங்கில் துணியின் மேற்பக்கத்தை இச்சொல்லாலும் உட்பக்கத்தை இதன் எதிர்ச்சொல்லாலும் குறிப்பர். 1789ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசிய சபையில் மன்னனின் அதிகாரத்தை ஆதரித்தோர் தலைவருக்கு வலப்புறத்தில் அமர்ந்தமையால், பழைமையைக் காக்கும் அரசியலுக்கும் இதுவே பெயராயிற்று. வழக்கறிஞர் வாயில் இச்சொல் ‘உரிமை’ ஆகின்றது. படகோட்டி வாயில் இது வினைச்சொல்லாகி, கவிழ்ந்ததை நிமிர்த்துதலைக் குறிக்கின்றது.

பௌத்தராகிய நமக்கு இச்சொல் வேறொரு வழியாகவும் வந்து சேர்ந்தது. ரைஸ் டேவிட்ஸ் முதலிய ஆங்கில அறிஞர்கள் பாலி நூல்களை மொழிபெயர்த்தபோது, எண்வகை மார்க்கத்தின் ஒவ்வோர் உறுப்பின் முன்னும் வரும் ‘சம்மா’ என்னும் சொல்லுக்கு ‘ரைட்’ என்பதனையே இட்டனர். 1907இல் பேராசிரியர் லட்சுமி நரசு பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட காலந்தொட்டு, தென்னாட்டில் ஆங்கிலம் கற்ற பௌத்தர் பலர் அம்மொழி வாயிலாகவே தம்மத்தை அறிந்தனர். தமிழில் நாம் நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நல்லூக்கம், நற்கடைப்பிடி, நல்லமைதி என்று ஓதுகின்றோம். தமிழில் ‘நல்’ என்று நிற்பது ஆங்கிலத்தில் ‘ரைட்’ என்று நிற்கின்றது. ஆகவே, தம்மத்தின் எட்டு உறுப்புகளும் அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகளும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லைத் தாங்கி நிற்கக் காண்கின்றோம். இஃது எழுத்தளவில் நேர்ந்த ஒற்றுமைதானா? அன்றி, அவ்விரண்டுக்கும் உள்ளுறவு ஏதேனும் உண்டா? இதுவே என் கேள்வி.

இக்கேள்வி நூலிலிருந்து எனக்கு எழவில்லை. ஆலையிலிருந்து எழுந்தது. ஆதலின் அதனைச் சொல்லுதல் வேண்டும்.

நான் பெங்களூரில் ஒரு பஞ்சாலையில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தேன். ஸ்பின்னிங் பகுதியில் ரிங் பிரேமுக்கு முன்னால் நின்று அறுந்த இழையை ஒட்டுவது என் தொழில். ஆலையில் நிரந்தரத் தொழிலாளர் என்றும் பதிலிகள் என்றும் இரு வகுப்பினர் இருந்தோம். பதிலிகள் சங்கு ஊதும் நேரத்தில் வாசலில் வந்து நிற்பார்கள். எவர் வேலைக்கு வரவில்லையோ அவர் இடத்தில் அன்றைக்கு மட்டும் அவர்களுக்கு வேலை. நாங்கள் உண்ட பஞ்சுத்தூசியையே அவர்களும் உண்டார்கள். நாங்கள் ஒட்டிய இழையையே அவர்களும் ஒட்டினார்கள். ஆண்டுதோறும் ஆயுத பூஜையின்போது ஆலையில் நெய்த துணி நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும் ஆளுக்கு மூன்று மீட்டர் வழங்கப்படும்.

1996ஆம் ஆண்டில் அதனைக் கூட்டித் தரவேண்டும் என்று எங்கள் சங்கம் கேட்டது. நிர்வாகம் இரண்டு வழிகளை எங்கள்முன் வைத்தது. நிரந்தரத் தொழிலாளருக்கு நான்கு மீட்டராகக் கூட்டித் தரலாம்; அன்றேல் பழையபடி மூன்று மீட்டரே வைத்துக்கொண்டு, பதிலிகளுக்கும் அதனைத் தரலாம். தேர்ந்துகொள்ளுமாறு எங்களையே கேட்டார்கள். சங்கத்தின் செயற்குழுவில் நானும் ஓர் உறுப்பினன். நான்கு மீட்டருக்கே கை தூக்கினேன். ‘போராடிப் பெற்றது நம் உரிமை, பதிலிகள் சந்தாக் கட்டுகிறவர்கள் அல்லர்’ என்று பேசவும் பேசினேன்.

மறுநாள் எனக்குப் பக்கத்து பிரேமில் பதிலியாக நின்ற இளைஞர் ஒருவர் பாபினை மாற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, “அண்ணே, துணி உங்க ரைட்டு, நான் ஒத்துக்கறேன். ஆனா நீங்க செஞ்சது ரைட்டா?” என்று கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை. உண்மையிலேயே விடையறிய விரும்பிக் கேட்டார். நான் விடை சொல்லவில்லை. இயந்திர ஓசையில் காதில் விழாதவன்போல் நடித்தேன். நான்கு மீட்டர் துணியையும் வாங்கிக்கொண்டேன். அடுத்த ஆண்டில் அவர் வேறு பிழைப்பைத் தேடிப் போய்விட்டார். சில ஆண்டுகளில் ஆலையும் மூடப்பட்டது. நிரந்தரத் தொழிலாளரும் பதிலிகளும் ஒரே வாசலுக்கு வெளியே ஒன்றாக நின்றோம்.

அவ்விளைஞர் ஒரு சொல்லை இருமுறை சொன்னார். முதன்முறை அதன் பொருள் உரிமை. இரண்டாம் முறை அதன் பொருள் செம்மை. தமிழில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அது மொழிக்கு வளம். ஆயின் அந்த வளமே எனக்கு ஒளிந்துகொள்ளும் இடமாயிற்று. ‘உரிமை’ என்று உரக்கச் சொன்னபோது ‘செம்மை’ என் செவியில் விழவில்லை. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒரே வாயால் சொல்லியபடியால் ஒளிய இடமில்லாது போயிற்று.

இச்சொல்லின் வேரைப் பார்ப்போம். ‘ரைட்’ என்பதற்கு ஆதியில் நேரானது, வளையாதது என்பதே பொருள். நேர் என்னும் பொருளுடைய ‘ரெக்டஸ்’ என்னும் லத்தீன் சொல்லும், வடமொழி ‘ருஜு’வும், அதன் பாலி வடிவமாகிய ‘உஜு’வும் இதற்கு ஒரே குடும்பத்து உறவினர் என்று மொழிநூலார் கூறுவர். சங்க வந்தனையில் பகவானுடைய சீடர் கூட்டத்தை உஜு நெறியில் நடப்போர் என்று போற்றுகின்றோமல்லவா? அச்சொல்லே இது. தமிழிலும் செங்கோல் என்பது வளையாத கோல். செங்கோணம் என்பது நிமிர்ந்து நிற்கும் கோணம். நேராக நிற்பதே நீதி என்னும் எண்ணம் பல நாட்டு மக்களுக்கும் பொதுவாக இருந்திருக்கின்றது.

ஆனால் பகவான் வழங்கிய ‘சம்மா’ என்னும் சொல்லின் வேர் வேறு. வடமொழியில் அது ‘சம்யக்’. ‘சம்’ என்பது கூடி, ஒருங்கே என்று பொருள்படும். அதனோடு செல்லுதலைக் குறிக்கும் வினையடி சேர்ந்து, ‘ஒருங்கே ஒரு திசை நோக்கிச் செல்வது’ என்னும் பொருளிலிருந்து ‘முறையானது, முழுமையானது’ என்னும் பொருள் விளைந்தது. ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது நேர்மை. பாலிச் சொல்லின் அடியில் இருப்பது உடன்செல்லுதல். தனியே நேராக நிற்பது மட்டும் போதாது. மற்றவற்றோடு கூடிச் செல்லவும் வேண்டும். எண்வகை மார்க்கமும் அவ்வாறே அமைந்தது. நற்காட்சியில்லாத நல்லூக்கம் திருடனுடைய ஊக்கமாகவும் இருக்கக்கூடும். எட்டும் சேர்ந்து சென்றால்தான் மார்க்கம்.

இனி, இச்சொல்லின் மற்றொரு முகத்தைக் காண்போம். அது கை. பெரும்பாலோருக்கு வலக்கையே வலிய கையாதலின் அதனைச் ‘சரியான கை’ என்று ஆங்கிலேயர் அழைத்தனர். இடக்கையைக் குறிக்கும் அவர்களது சொல் பழங்காலத்தில் ‘வலுவற்றது’ என்னும் பொருளுடையது. தமிழிலும் ‘வலம்’ என்றால் வலிமையும் வெற்றியும் ஆகும். வலிமையுள்ளது எதுவோ அதுவே சரியானது என்று மொழிக்குள்ளேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது! இடக்கை செய்த குற்றம் யாது? அசுத்தத்தைக் கழுவும் வேலையை அதன்மேல் சுமத்தினோம். பிறகு, அவ்வேலையைச் செய்வதனால் அஃது இழிந்தது என்றோம். சாதியின் இலக்கணமும் இதுவேயன்றோ?

உண்மையில் நம் நாட்டில் மக்களையே வலங்கை, இடங்கை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இப்பெயர்கள் காணப்படுகின்றன. இன்ன கட்சியார்க்கு இன்ன கொடி, இன்ன பந்தல், இன்ன வீதியில் ஊர்வலம் என்று ‘உரிமைகள்’ வரையறுக்கப்பட்டிருந்தன. சென்னைப் பட்டணத்தில் 1652இலும் 1707இலும் இதன்பொருட்டுப் பெருங்கலகங்கள் மூண்டன. தமிழ்நாட்டில் பறையர் வலங்கையில் எண்ணப்பட்டனர். சக்கிலியர் இடங்கையில் எண்ணப்பட்டனர். இருவரையும் ஊர்க்கிணற்றில் நீர் மொள்ள விடாத ஒரு சமுதாயத்தில், இருவரும் எதிரெதிர்க் கட்சிகளாக நிறுத்தப்பட்டனர். அவர்கள் காத்துக்கொள்ள நினைத்த உரிமை எத்தகையது? பிறனுக்கு அது கிடைத்துவிட்டால் தன் மதிப்பை இழந்துவிடும் உரிமை. அதற்கு உரிமை என்பது சரியான பெயரன்று. தனிச்சலுகை என்பதே பெயர். நான்கு மீட்டர் துணிக்குக் கை தூக்கிய நாளில் நானும் அந்த வலங்கையையே தூக்கினேன்.

இவ்வளவில் நிறுத்தினால் ஒரு பெரும்பிழை நேரும். ‘பார்த்தீர்களா, உரிமை உரிமை என்று கேட்பதே தவறு, கடமையைச் செய்து கிடந்தால் போதும்’ என்று சொல்லக் காத்திருப்போர் உளர். ஆலையிலும் அவ்வாறு சொல்லும் மேஸ்திரிகள் இருந்தார்கள். உரிமையை மறுத்துவிட்டுச் செம்மையை மட்டும் போதிப்பது அடிமைத்தனத்துக்குப் பூச்சூட்டுவதாகும். பகவான் புத்தர் அவ்வாறு போதித்தாரில்லை. தீக நிகாயத்தின் 26ஆம் சுத்தமாகிய சக்கவத்தி சீகநாத சுத்தத்தில் ஓர் அரசன் கதை வருகின்றது. அவன் நாட்டுக்குக் காவல் அமைத்தான். ஆனால் ஏழைகளுக்குப் பொருள் வழங்கவில்லை. அதனால் வறுமை பெருகிற்று, வறுமையால் களவு, களவினால் ஆயுதம், ஆயுதத்தால் கொலை, கொலையோடு பொய்யும் சேர்ந்து, மக்களின் ஆயுளே குன்றிற்று. மக்கள் ஒழுக்கம் கெட்டதற்குக் காரணம் அவர்கள் உபதேசம் கேளாமை என்று அச்சுத்தம் கூறவில்லை. அவர்களுக்குச் சேரவேண்டியது சேராமையே முதற்காரணம் என்கின்றது. வாழ வழியில்லாதவனிடம் நல்வாழ்க்கையை எதிர்பார்ப்பது தம்மமாகாது.

அந்நிகாயத்தின் 31ஆம் சுத்தமாகிய சிகாலோவாத சுத்தத்தைப் பாருங்கள். அங்கே பகவான் எசமானனுக்கு ஐந்து கடமைகளை விதிக்கின்றார். பணியாளரின் வலிமைக்கேற்ப வேலை தருதல், உணவும் கூலியும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், கிடைத்தற்கரிய சுவைப்பண்டங்களைப் பகிர்ந்துகொடுத்தல், உரிய காலத்தில் ஓய்வு தருதல் என்பன அவை. பணியாளருக்கும் ஐந்து கடமைகளைக் கூறுகின்றார். இங்கே உரிமை என்னும் சொல் இல்லை. ஆயினும் உரிமை இருக்கின்றது. ஒருவனுடைய கடமையை மறுபக்கத்திலிருந்து நோக்கினால் அது மற்றவனுடைய உரிமை. துணிக்கு மேற்பக்கமும் உட்பக்கமும் இருப்பதுபோல இவ்விரண்டும் ஒரே நெசவு. இவ்வைந்தில் நான்காவதைப் படிக்குந்தோறும் என் நெஞ்சு சுடுகின்றது. அரியதைப் பகிர்தல் எசமானனுக்குக் கூறிய அறம். நாங்கள் எசமானர்கள் அல்லோம். ஆனால் அந்த ஒரு நாள், பதிலிகளைப் பொறுத்தவரை, பங்கிடும் அதிகாரம் எங்கள் கையில் வந்தது. வந்தவுடன் எசமானர்களைப்போலவே நடந்தோம். அவர்களது கடமை மட்டும் எங்கள் நினைவுக்கு வரவில்லை.

போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் இவ்விரண்டையும் ஒருங்கே பற்றியவர். 1927 மார்ச் 20ஆம் நாள் மகாடு நகரில் சவுதார் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகியபோது அவர் நிலைநாட்டியது உரிமை. அவ்வுரிமையின் இயல்பைக் கவனியுங்கள். அவர் பருகியதனால் மற்றெவருக்கும் நீர் குறையவில்லை. குறைந்தது பிறரை விலக்கிவைத்த பெருமை ஒன்றே. 1950 ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தன் 17ஆம் உறுப்பால் தீண்டாமையை ஒழித்தது. உரிமை ஏட்டில் ஏறிவிட்டது. அத்தோடு அவர் ஓய்ந்தாரா? இல்லை. உரிமைகளுக்குக் காவல் சட்டம் மட்டுமன்று, சமுதாயத்தின் அறவுணர்ச்சியே என்பதை அவர் 1943இல் புனா நகரில் ரானடேயின் நினைவாக ஆற்றிய உரையிலேயே எடுத்துக்காட்டியிருந்தார். ஆகவேதான் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு தம்மத்தில் சேர்ந்தார். சட்டம் வகுத்த கையே தம்மத்தை ஏந்தியது. உரிமையாகிய ‘ரைட்’டைப் பெற்றுத் தந்தவர், எண்வகை மார்க்கத்தின் ‘ரைட்’டையும் நம் கையில் கொடுத்துச் சென்றார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கைவிட்டால் அவருடைய செல்வத்தில் பாதியை எறிந்தவர்கள் ஆவோம்.

இதனை நான் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கன்னட நாட்டில் பட்டியல் சாதியினரின் இரு பெரும் பிரிவினரை வலக்கை, இடக்கை என்று பொருள்படும் கன்னடச் சொற்களாலேயே இன்றும் குறிக்கின்றனர். 2024 ஆகஸ்டு 1ஆம் நாள், பட்டியல் சாதியினருக்குரிய இடஒதுக்கீட்டை உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஆறு பேர் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. அன்றுமுதல் எங்கள் கூட்டங்களில் இவ்வாதம் எழாத நாள் அரிது. எவருக்கு எத்தனை விழுக்காடு என்பது கணக்கும் சட்டமும் அறிந்தோர் ஆராய்ந்து கூறவேண்டியது. அதில் நான் புகவில்லை. நான் கேட்பது வேறு. வலங்கைப் பிரிவில் பிறந்த என்போன்றோர், ‘எங்களுக்கு இன்னும் பங்கு வந்து சேரவில்லை’ என்று ஓர் அருந்ததிய சகோதரர் சொல்லும்போது, அதனை எந்த நெஞ்சோடு கேட்கின்றோம்? ‘இது எங்கள் ரைட்’ என்று முதலில் நம் நாவில் வருமாயின், பிரேமுக்குப் பக்கத்தில் நின்ற அவ்விளைஞரின் இரண்டாம் கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அதனை மதித்தே சொல்கின்றேன். ‘ஈராயிரம் ஆண்டுகளாக ஒன்றும் பெறாதவன் நேற்றுத்தான் ஒரு பிடி பெற்றான். எல்லாம் பெற்றவனிடம் கேட்காமல் அவனிடம் போய் உன் உரிமை செம்மையானதா என்று கேட்பது நீதியா?’ என்பர். நியாயமான கேள்வி. எல்லாம் பெற்றவனிடம் அதனை உரக்கக் கேட்கவே வேண்டும். ஆலை வாசலில் நின்று கேட்டவர்கள் நாங்கள். ஆனால் அதே கேள்வியை எனக்கு நான் கேட்டுக்கொள்ளாவிடில், நான் பிறனிடம் கேட்டது நீதியன்று, பேரம். மகாட்டுக் குளத்தின் நீர் போன்ற உரிமைகளைப் பகிர்வதில் எவருக்கும் இழப்பில்லை. துணி அத்தகையதன்று. பகிர்ந்தால் எனக்கு ஒரு மீட்டர் குறையும். அறத்துக்கு விலை இல்லை என்று நான் போதிக்க மாட்டேன். விலை உண்டு, அந்நாளில் அது ஒரு மீட்டர் துணி. அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் உண்மை.

ஆகவே அன்பர்களுக்கு ஓர் எளிய உரைகல்லைச் சொல்லி முடிக்கின்றேன். நாம் உரிமை என்று கோரும் ஒன்றை நமக்குக் கீழே நிற்பவன் கோரினாலும் அது நம் கண்ணுக்கு நேராகத் தோன்றுகின்றதா? அவனோடு கூடி நடந்து அதனை நாம் அடைய இயலுமா? இயலுமாயின் அஃது உஜுவும் ஆகும், சம்மாவும் ஆகும். அதற்காகத் துணிந்து போராடலாம். இயலாதாயின் அது வெறும் வலக்கை. வலிமை தீரும் நாளில் அதுவும் தீர்ந்துபோகும்.

படகோட்டி வாயில் இச்சொல் வினையாகி நிற்கும் என்று தொடக்கத்தில் கூறினேன். சுத்தங்களில் பகவானுடைய உபதேசத்தைக் கேட்டுத் தெளிந்தோர் பலர், கவிழ்ந்து கிடந்ததை ஒருவர் நிமிர்த்தி வைத்ததுபோல் இருந்தது என்று மகிழ்ந்து கூறுவதைக் காண்கின்றோம். கவிழ்ந்த பாத்திரத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் தங்காது. உரிமை என்பது நாம் பெற்று வைத்துக்கொள்ளும் பொருள் மட்டுமன்று. கவிழ்ந்து கிடப்பதை நிமிர்த்தும் செயலும் ஆகும். எனக்குப் பக்கத்தில் ஒருவர் கவிழ்த்தப்பட்டுக் கிடந்தார், நிமிர்த்தும் வாய்ப்பு ஒருமுறை என் கைக்கு வந்தது, நழுவவிட்டேன். உங்கள் கைக்கு அது வரும் நாளில் நழுவவிடாதீர்கள்.